கறிக்கு எடுத்து வைத்த மீன்

செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேதான் வளன் யாரையும் "வாங்க" என்பான். இடது கட்டைவிரல் மீனின் செவுளுக்குள் இருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன் இருக்கும். கண் தராசின் மேல் இருக்கும். இப்படி மூன்று இடத்தில் இருக்கிற மனிதன் நான்காவதாக நம்மையும் விசாரிப்பான். "டீச்சர், விளமீன் பாக்கியளா? இப்பத்தான் வந்து எறங்குது. சாருக்கு இருமல் தேவலையா?" என் வீட்டுக்காரரின் இருமல் எனக்கே மறந்துபோயிருக்கும். அவனுக்கு மறக்காது.

பாளையங்கோட்டையில் சமாதானபுரத்துக்குப் பக்கத்தில் அவனுடைய முதல் கடை. வண்ணார்பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் ஒவ்வொன்று பிறகு வந்தன. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் பாதி கேன்டீன்களுக்கு அவன் வண்டிதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு முன்னால் நின்றால் ஊரையே பார்த்துவிடலாம். முதல் ஆராதனை முடிந்தவர்கள் வேதப்புத்தகம் ஒரு கையிலும் கூடை ஒரு கையிலுமாக வருவார்கள். மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது வாங்குவார்கள். எங்கும் போகாதவர்கள் நேராக மீனுக்கே வந்துவிடுவார்கள். நான் முதல் வகை.

மூன்று கடைகளிலும் நாற்காலி என்ற பொருளே கிடையாது. மீன் வெட்டுகிற இசக்கியம்மாவுக்கு மட்டும் ஒரு பலகை உண்டு. கல்லாவில் இருப்பவரும் நின்றுகொண்டுதான் இருப்பார். முட்டி வலிக்காரர் ஒருவர் ஒருமுறை உட்கார இடம் கேட்டார். பக்கத்து டீக்கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டான். அவர் எழுந்த மறுநிமிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். "உக்காந்தா யாவாரமும் கூட உக்காந்துரும் டீச்சர்" என்பது அவன் கொள்கை. அவனுடைய வண்டி ஓட்டுகிற சல்மான் ஃபாரிஸ் மேலப்பாளையத்துப் பையன், வாய்த்துடுக்கு உள்ளவன். "அண்ணன் வண்டியில வந்தாலும் சீட்டு நுனியிலதான் இருப்பாங்க. முழுசா உக்காந்து நான் பாத்ததில்ல" என்று முதலாளி முன்னாலேயே சொல்லுவான். வளன் சிரிப்பான், சிரித்துக்கொண்டே போனை எடுப்பான்.

இத்தனை அவசரக்காரன் ஒரு காரியத்தை மட்டும் நிதானமாகச் செய்வான். வண்டியிலிருந்து பெட்டிகள் இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, அன்றைக்கு வந்ததில் நல்லதாக ஒரு மீனை எடுப்பான். பெரும்பாலும் விளமீனாக இருக்கும். குழாயடியில் காட்டிக் கழுவி, ஓரத்தில் இருக்கிற நீலப் பெட்டியில் ஐஸ் பரப்பிப் படுக்க வைப்பான். மூடியைப் போட்டுவிட்டுத்தான் விற்பனை தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெட்டியைக் காட்டி, "அதுல என்ன இருக்கு?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "அது கறிக்கு எடுத்து வச்சது."

இது கடற்கரை வழக்கம். அவன் கூட்டப்புளி என்கிற கடலோர ஊர்க்காரன். "எங்க ஊர்ல கடலுக்குப் போய்ட்டு வந்தா மொதல்ல வீட்டுக் கறிக்கு எடுத்து வைப்பாவ, அப்புறந்தான் ஏலம். புடிச்ச மீனு கொறைச்சலா இருந்தாலும் சரி, எம்புட்டு பெரிய யாவாரி வந்து நின்னாலும் சரி, எடுத்து வச்சத யாரும் தொட மாட்டாவ. ஏலம் கூறுதவன் கண்ணுகூட அங்கன போவாது" என்று எனக்கு முன்பு ஒருநாள் விளக்கியிருக்கிறான்.

வளனுக்கு வீடு என்று இருப்பது கடைக்கு மாடியில் ஒற்றை அறை. அதில் அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் ஓட்டலில்தான் சாப்பிடுகிறான். நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டலாகப் பார்த்து வைத்திருக்கிறான். பிறகு யார் கறிக்கு அந்த மீன்?

அதற்கு ஜாய்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜாய்சி எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் தமிழ். ஆசிரியர் அறையில் அவளுக்கு எனக்கு அடுத்த நாற்காலி. உவரிப் பெண். அப்பா தொம்மை இன்றைக்கும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். பேச்சு கொஞ்சம், சிரிப்பு நிறைய. பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டால் திட்ட மாட்டாள். அந்தத் தப்பை ரசித்துப் பார்த்துவிட்டுத்தான் திருத்துவாள்.

அப்போது வளனிடம் ஒரு பழைய ஸ்கூட்டரும் அதன் பின்னால் கட்டிய தெர்மோகோல் பெட்டியும்தான் இருந்தன. அதற்கும் முன்னால் அது கூட இல்லை. மீன் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவான். அந்தப் பஸ்ஸில்தான் ஜாய்சியைப் பார்த்தான். "மீன்வாடை அடிக்குன்னு எல்லாரும் மொகத்தச் சுளிச்சாவ டீச்சர். 'என்ன மீனு?'ன்னு கேட்ட ஒரே ஆளு அவதான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். கேட்டவள் அதோடு நிற்காமல், "ஐஸ் பத்தாது, பாதி வழியில கெட்டிரும்" என்றும் சொன்னாளாம். அன்றைக்குக் கெட்டும் போயிற்றாம். இவனும் அன்றைக்கே விழுந்துவிட்டான்.

அதிலிருந்து தினமும் மதிய மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடக் காவலாளியிடம் ஒரு சின்னத் தூக்குச்சட்டி வந்து சேரும். காலையில் விற்பனைக்கு முன்பே எடுத்து வைத்து, வெட்டிக் கழுவி, மஞ்சள் உப்புப் புரட்டிய மீன். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் வீட்டுக் கறிக்கு எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டான். நாங்கள் சும்மா இருப்போமா? "ஊருக்கெல்லாம் ரோஜாப்பூ வருது, உனக்கு விளமீன் வருதா?" என்று ஓட்டினோம். "ரோஜாப்பூவ வச்சுக் கொழம்பா டீச்சர் வைக்க முடியும்?" என்று அவள் தூக்கை மேஜைக்கு அடியில் பத்திரமாக நகர்த்தி வைப்பாள். அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்த்தால் நமக்கும் பசிக்கும்.

பிறகு ஊரடங்கு வந்தது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது வளன் வாசல் வாசலாக மீனைக் கொண்டுபோய் வைத்தான். வெட்டிக் கழுவிப் பொட்டலமாகக் கொடுத்தான். வாட்ஸ்அப்பில் காலையில் மீன் படம் போடுவான். மதியத்துக்குள் சட்டியில் இருக்கும். அந்தப் பழக்கம் ஊரடங்கு போன பிறகும் போகவில்லை. ஸ்கூட்டர் வண்டியாயிற்று, வண்டி கடையாயிற்று, ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு, யார் வீட்டில் காய்ச்சல் என்பதெல்லாம் இவனுக்குத் தெரியும். அத்தனை குடும்பமும் தன் ஓட்டத்தில்தான் நிற்கிறது என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிட்டது. அது பொய்யும் இல்லை. அதனால்தான் அவனைச் சுலபமாகக் குற்றம் சொல்ல என்னால் முடிவதில்லை.

ஜாய்சிக்கும் அவனுக்கும் விடுமுறை நாளில்தான் பகை. பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு விடுமுறை; மீன்கடைக்கு ஞாயிறுதான் திருவிழா. பூசைக்கு ஒன்றாகப் போகலாம் என்பான். பூசை முடிகிற நேரத்தில் கடையிலிருந்து படம் அனுப்புவான், கூட்டத்தைப் பார்த்தாயா என்று. ஜாய்சியின் போன் எப்போதும் இரைச்சலுக்கு நடுவில்தான் அவனைப் பிடிக்கும். அவள் ஒருநாள் முகம் வாடினாள் என்று, அவள் கூப்பிடுவதற்கு மட்டும் தனியாகத் தன்னிடம் ஒரு போன் வாங்கி வைத்துக்கொண்டான். சிவப்பு உறை போட்டது. அந்த எண் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதை எங்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. கொஞ்ச நாளில் கங்கைகொண்டான் கேன்டீன் ஒன்றின் மேலாளர், உங்கள் லைன் கிடைப்பதே இல்லை என்று குறைப்பட்டார். இவன் சிவப்புப் போன் எண்ணைக் கொடுத்துவிட்டான். "ஒருத்தருக்குத்தான் டீச்சர் குடுத்தேன்" என்றான். அந்த ஒருவர் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்தார். "எனக்குன்னு வாங்கின போன்ல எனக்கு லைன் கெடைக்க மாட்டேங்கு டீச்சர்" என்று ஜாய்சி சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது பட்டது.

ஒருமுறை இருவரும் மணிமுத்தாறு போனார்கள். அருவிப் பக்கம் போனில் சிக்னல் கிடையாது. அதற்காகவே அந்த இடத்தை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள் என்று நினைக்கிறேன். பாறையில் துண்டை விரித்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "உக்காரு" என்றாளாம். இவன் அரை நாழிகை நின்றான், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தான், இதோ வருகிறேன் என்று சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் கீழே இறங்கிப் போனான். திரும்பி வரும்போது இட்லியைக் குரங்கு தின்றுவிட்டிருந்தது. "அவ்வளவு பெரிய அருவிச் சத்தத்துலயும் அவனுக்கு அடிக்காத போன்கூடக் கேக்கு டீச்சர். நான் கூப்பிட்டா மட்டும் கேக்கல" என்று மறுநாள் சொன்னாள். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் நோட்டுத் திருத்துகிற சாக்கில் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணப் பேச்சை எடுத்தால் அவனிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "தடைக்காலத்துல வச்சுக்கிடுவோம்."

கடல் பக்கம் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். சித்திரை பிறந்ததும் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசாங்கம் போட்ட தடை. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் நடக்காது. அது முடிந்து பாஸ்கா என்கிற ஈஸ்டரும் வந்து போய்விட்டால், ஆண்கள் கரையில் சும்மா இருக்கிற அந்தத் தடைக்காலத்தில்தான் கடற்கரை ஊர்களில் கல்யாணங்கள் கூடும். பள்ளிக்கூடத்துக்கும் அப்போது கோடை விடுமுறை. எல்லாம் இந்த இருவருக்காகவே அமைந்த மாதிரி இருந்தது. ஜாய்சி சேலைகூடப் பார்த்து வைத்தாள்.

ஆனால் தடைக்காலம் கடலுக்குப் போகிறவனுக்குத்தான் ஓய்வு, மீன் விற்கிறவனுக்கு இல்லை. இந்தக் கரை மூடியிருக்கும்போது மேற்குக் கரை திறந்திருக்கும். முதல் வருடம் தடை தொடங்கியதும் வளன் குளச்சலுக்கு வண்டியை விட்டான். ஊரில் யாரிடமும் மீன் இல்லாதபோது இவனிடம் இருந்தது. "மீனு இல்லாதப்ப மீனு வச்சிருக்கவன்தான் டீச்சர் யாவாரி. இந்த ஒரு வருசம் நின்னு புடிச்சிட்டேன்னா போதும்" என்றான். அடுத்த தடைக்காலத்தில் வண்ணார்பேட்டைக் கடை திறந்தான். ஜாய்சியைத்தான் ரிப்பன் வெட்டச் சொன்னான். பலகையில் 'ஜாய் கடல் மீன்' என்று பெரிய எழுத்து. அவள் பெயரைக் கடைக்கு வைத்தான், அவளைக் கல்யாணத்துக்குக் காக்க வைத்தான். விழா முடிந்ததும் அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கடைக்குள் ஓடினான். அந்த ஆட்டோவில் நானும் இருந்தேன். அவள் வழியெல்லாம் ரிப்பன் துண்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடைக்காலத்தில் அவள் அப்பாவும் அம்மாவும் நாள் குறிக்க உவரியிலிருந்து கிளம்பி வந்தார்கள். பாஸ்கா கழிந்து வந்த ஒரு ஞாயிறு. ஜாய்சியின் மாடி வீட்டில் மதியச் சாப்பாடு. வளன் மீன் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன். "விளமீன் எடுத்து வச்சாச்சு, பெருசு, மாமா கண்ணு நெறையும்" என்று காலையிலேயே அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். தேங்காய் அரைத்தோம், புளி கரைத்தோம், குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றினோம். கொதித்தது. இறக்கி வைத்தோம். மறுபடியும் ஏற்றினோம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜாய்சி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். தொம்மை வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். எதிரே மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதன் மேல் ஜாய்சி ஒரு பூத்துண்டு விரித்திருந்தாள்.

பசி அடங்கிப்போகிற நேரத்தில் வளன் வந்தான். வியர்த்து நனைந்திருந்தான். இரண்டு கையிலும் கோழி பிரியாணிப் பொட்டலம்.

தொம்மைதான் அவனுக்கு ஒரு வழி விட்டார். "மீனு கெடைக்கலியா தம்பி? தடைக்காலம்லா, கஷ்டந்தான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் தப்பித்திருக்கும். ஆனால் வளனுக்குப் பொய் வராது. "கெடச்சுது மாமா. நல்ல மீனு, எடுத்தும் வச்சிட்டேன். கடைசி நேரத்துல கேட்டரிங் சிவகணேஷ் அண்ணாச்சி போன் போட்டாவ. கம்பெனியில பெரிய ஆளுங்க சாப்பிட வாராவளாம், முழு மீனா ஒண்ணு கண்டிப்பா வேணும்னாவ. இது அமைஞ்சா வருசம் பூரா கேன்டீன் நமக்குத்தான்னாவ..."

"கறிக்கு எடுத்து வச்சதயா குடுத்த?" என்றார் தொம்மை. கோபமாகக் கேட்கவில்லை. காதில் சரியாக விழுந்ததா என்று உறுதி செய்துகொள்கிற மாதிரி கேட்டார்.

"வேற பாத்துரலாம்னு நெனச்சேன் மாமா. மார்க்கெட் பூரா அலைஞ்சேன். எல்லாம் பழைய மீனா கெடந்துச்சு. உங்க முன்னால அத எப்பிடிக் கொண்டாந்து வைக்கது?"

அவன் சொன்னது நியாயம்தான். ஐந்து நாள் ஐஸில் கிடந்த மீனைக் கடல்காரர் தட்டில் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அந்த மரியாதை அவனிடம் இருந்தது. ஜாய்சியின் அம்மா, "சரி, வா தம்பி, உக்காரு, வேர்த்து வழியுதே" என்று நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்காரப் போனான். அப்போது போன் அடித்தது. சிவப்பு உறைப் போன். மீன் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற தகவலாக இருக்கும். "ஒரு நிமிசம் மாமா" என்று மாடிப்படிக்கு நகர்ந்தான். படியில் நின்று அவன் பேசியது உள்ளே நன்றாகக் கேட்டது. நன்றி சொன்னான், கேன்டீனுக்கு என்றிலிருந்து அனுப்பலாம் என்று கேட்டான், சிரித்தான். இரண்டு வருடமாகத் துரத்திய ஆர்டர் கைக்கு வந்த சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. உள்ளே நாங்கள் ஐந்து இலை போட்டு உட்கார்ந்திருந்தோம், ஒன்று காலி.

தொம்மை பிரியாணிப் பொட்டலத்தைத் தொடவில்லை. சோற்றில் மீனில்லாத மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார். போகும்போது வளனின் தோளைத் தட்டி, "நல்ல உழைப்பாளி. ஒடம்பப் பாத்துக்கிடு" என்றார். நாள் பற்றிப் பேச்சு எழவில்லை.

மறுநாள் ஜாய்சியைப் போய்ப் பார்த்தேன். "அப்பா ஒண்ணும் சொல்லல டீச்சர். ஒன் இஷ்டம்னுட்டாவ. நான்தான் வேண்டாம்னேன்" என்றாள்.

"ஒரு மீனுக்காகவா, ஜாய்சி?"

"எனக்குன்னு எடுத்து வச்ச போன் நம்பரக் கேட்டவருக்குக் குடுத்தான். எனக்குன்னு எடுத்து வச்ச தடைக்காலத்தக் குளச்சலுக்குக் குடுத்தான். நான் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். இப்ப எங்கப்பா எலையில விழ வேண்டியதயும் எடுத்துக் குடுத்துட்டான். கெட்டவன்னா சண்ட போடலாம். இவன்கிட்ட என்னத்தச் சொல்லி சண்ட போட? ஒரு தடவ கூட உக்காந்து என்கிட்ட பேசினதில்ல டீச்சர்." இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

வளன் என்னைத் தேடி வந்தான். "நீங்க சொன்னா கேப்பா டீச்சர். ஒரே ஒரு தடவ சொல்லுங்க" என்றான். அப்போதும் சட்டைப் பையில் போன் அடித்தது. எனக்கு வந்த கோபத்தில், "மொதல்ல அத அணைச்சுப் போடு" என்று கத்திவிட்டேன். அணைத்தான். இரண்டையும் அணைத்தான். அணைத்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவளிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் கொஞ்ச நாள் காவலாளியிடம் தூக்குச்சட்டி வந்துகொண்டிருந்தது. அவள் வாங்கவில்லை. பிறகு அது வருவது நின்றது.

அடுத்த தடைக்காலத்தில் உவரிக் கோயிலில் ஜாய்சிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தூத்துக்குடியில் வாத்தியார். இப்போது அங்கேயே வேறு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நான் போயிருந்தேன். அன்றைக்கு வளன் மூன்று கடைக்கும் மாறி மாறி நடந்தே போனதாக சல்மான் சொன்னான். "வண்டியில ஏறுங்கண்ணேன்னேன், கேக்கல. ஆத்துப் பாலத்துல கொஞ்ச நேரம் நின்னாங்க. நானும் வண்டிய ஓரங்கட்டிட்டுப் பின்னாலயே நின்னேன்."

யாவாரம் நிற்கவில்லை. இன்னும் பெரிதாகத்தான் ஆகிறது. தென்காசியில் கடை பார்க்கிறான் என்று கேள்வி. பலகையில் அதே பெயர்தான். மாற்றிவிடேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஜனங்களுக்கு அந்தப் பேருதான டீச்சர் பழகியிருக்கு" என்று தராசைத் துடைத்தான். பெண் வீட்டார் யாராவது வந்து பேச்செடுத்தால், "தடைக்காலம் வரட்டும், பாப்போம்" என்கிறான். வந்தவர்கள் அதை நம்பிப் போய்விடுகிறார்கள்.

அவள் போன பிறகுதான் நீலப் பெட்டி வந்தது. கடை அடைக்கிற நேரத்தில் அதில் இருக்கிற மீனை எடுத்து இசக்கியம்மாவிடம் கொடுத்துவிடுவான். "மகராசன் கொண்டுபோன்னு குடுத்துருவாவ. வெலைக்குக் குடுன்னு யாரு கேட்டாலும் குடுக்க மாட்டாவ. எங்க வீட்ல நெதமும் விளமீன்தான், எம் பேரப்பிள்ளைய வெல கொறஞ்ச சாளை மீனு வாங்கிக் குடுன்னு அழுதுவ" என்று இசக்கியம்மா என்னிடம் சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொள்வாள். எனக்கும் அவன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்க்கிறபோது நெஞ்சு கனத்துப்போகிறது. எடுத்து வைக்கத் தெரிந்த மனிதன்தான். வைத்ததைக் காக்கத் தெரிந்துகொள்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

இந்த வருடமும் தடை தொடங்கிய பிறகு வந்த ஞாயிறு. ஆராதனை முடிந்து நான் போகும்போதே கடையில் மீன் தீர்ந்துவிட்டிருந்தது. தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சிவகணேஷ் இறங்கினார். அன்றைக்கு ஜாய்சி வீட்டுக்கு எடுத்து வைத்த மீனைப் போன் போட்டு வாங்கிக்கொண்டவர். முன்பு கேட்டரிங் என்று ஒரு சின்ன அறையில் இருந்தவர். இப்போது வளனைப் போலவே வளர்ந்துவிட்டார்.

"என்னவே வளன், போன எடுக்க மாட்டேங்கியரு? ஒரு முழு மீனு வேணும்வே. பெரிய எடத்துப் பார்ட்டி."

"தீந்துட்டு அண்ணாச்சி. நாளைக்கு வண்டி வந்ததும் மொத மீனு உங்களுக்குத்தான்."

"நாளைக்கு நான் என்ன செய்ய? இன்னிக்கு மதியம் எல போடணும்." அவர் கண் கடையைச் சுற்றியது. ஓரத்தில் போய் நின்றது. "அந்தப் பெட்டியில என்னவே?"

இசக்கியம்மா கத்தியைக் கழுவுவதை நிறுத்தினாள். சிவகணேஷ் உரிமையோடு போய் மூடியைத் தூக்கினார். "இந்தா கெடக்குல்லா! அம்சமா இருக்குவே. இத எடுத்துக் கட்டும். தென்காசிக் கடைக்கு எடம் கேட்டீரே, அது நம்ம மச்சான் எடந்தான். சாயந்திரமே பேசி முடிச்சுத் தாரேன்."

வளனின் சட்டைப் பையில் போன் அடித்தது. சிவப்பு உறைப் போன். அவன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பைய நடந்து வந்து, சிவகணேஷ் கையிலிருந்த மூடியை வாங்கினான். கிடந்த மீனின் மேல் இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டான். பெட்டியை மூடினான்.

"அது கறிக்கு எடுத்து வச்சது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.